குளமே தெப்பமாகும் ஊர்

ஏரியைத் தூர்த்து எழுந்த சால்ட் லேக்கில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர், தண்ணீருக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டியதில்லை. கட்டிய குளம் மிதக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய கவலையாக இருக்க வேண்டும்.

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சால்ட் லேக்கில் யாரிடமாவது வழி கேட்டால் அடிக்கடி காதில் விழும் சொல் 'டாங்க்'. நாலாம் நம்பர் டாங்க், எட்டாம் நம்பர் டாங்க், பதின்மூன்றாம் நம்பர் டாங்க் என்று பஸ் நிறுத்தங்களுக்கே அதுதான் பெயர். சென்னையிலிருந்து போகிறவர் ஏதோ குளக்கரையில் இறங்கப்போகிறோம் என்று நினைத்தால் ஏமாந்துபோவார். அவை தூண்களின் மேல் நிற்கும் கான்கிரீட் குடிநீர்த் தொட்டிகள். ஊரின் பெயரில் ஏரி இருக்கிறது. தண்ணீர் மட்டும் தலைக்கு மேலே ஏறிவிட்டது.

மண்வெட்டியைக் கையில் எடுக்கும்வரை அப்படித்தான் தோன்றும். மழைக்காலத்தில் இங்கே மூன்றடி தோண்டினாலே குழியின் ஓரங்கள் கசிய ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் காலுக்கடியில் சேறு. தோண்டிய ஆள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் குழியில் தண்ணீர் நிற்கும். தூர்த்த ஏரி எங்கும் போய்விடவில்லை; தரைக்குக் கீழே சில அடி ஆழத்தில் காத்திருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு நீச்சல் குளம் என்பது இன்று சினிமா நட்சத்திரங்களின் தனிச்சொத்து அல்ல. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளிலும் பெங்களூரின் வில்லாக்களிலும் அது சகஜமாகிவிட்டது. சால்ட் லேக்கில் அந்த ஆசைக்கு இரண்டு தடைகள். ஒன்று இடம். இங்கே மனைகளைக் கட்டா கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கட்டா 720 சதுர அடி. நம் ஊர் கிரவுண்டில் மூன்று கட்டாவுக்குச் சற்று அதிகம். நாலைந்து கட்டா மனையில் வீடு போக மிஞ்சுவது, எட்டு மீட்டர் நீளமும் நாலு மீட்டர் அகலமும் உள்ள ஒரு குளத்துக்குப் போதலாம். அதற்கு மேல் போகாது. இன்னொரு தடை, தரைக்கு அடியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆற்றை வீட்டுக்கு அடியில் போட்டார்கள்

இங்கே பரந்து கிடந்தது உப்பு ஏரிகளின் சதுப்பு நிலம். வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடலின் ஏற்றவற்றத் தண்ணீர் வந்து போனதால் அந்தப் பெயர். வண்டல் படிந்து படிந்து வித்யாதரி 1928-ல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. உப்புத் தண்ணீர் வருவது நின்றதும் நகரத்தின் கழிவுநீரை விட்டு மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த மீன் பண்ணைகளுக்கு வங்காளிகள் சூட்டிய பெயர் 'பேரி'.

தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிய, கல்கத்தா மூச்சு முட்டியது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் கிழக்குப் பக்கம் பார்த்தார். யுகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கப்பட்டது. நகரத்தை வரைந்தவர் அந்த நாட்டின் திட்டக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். 1962-ல் ஏரியைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராய் காலமானார். ஊரின் அதிகாரபூர்வப் பெயரான பிதான்நகர் அவருடைய நினைவாக வந்தது.

தூர்த்த விதம்தான் இங்கே முக்கியம். லாரியில் மண் கொண்டுவந்து கொட்டவில்லை. ஹூக்ளி ஆற்றின் அடியில் கிடந்த வண்டலையும் மணலையும் தூர்வாரி, தண்ணீரோடு கலந்து கூழாக்கி, குழாய் வழியாகப் பல கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுவந்து சதுப்பில் கொட்டினார்கள். தண்ணீர் வடிந்தது, வண்டல் தங்கியது. ஆக, சால்ட் லேக் வீடு ஒன்றின் அஸ்திவாரத்துக்கு மேலடுக்கில் இருப்பது ஆற்று வண்டல். அதற்குக் கீழே பழைய ஏரியின் களிமண். மேலே பெய்யும் மழை வண்டலில் சுலபமாக இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் தேங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் மட்டம் தரையை நெருங்குவது இதனால்தான்.

மனைகள் 999 ஆண்டுக் குத்தகையில் கொடுக்கப்பட்டவை. தண்ணீரின் பாத்தியதை அதைவிடப் பழையது.

காலிக் குளம் ஆபத்து

இனி கணக்கு. எட்டுக்கு நாலு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் கனம். இதற்கு வேண்டிய கான்கிரீட் சுமார் 15 கன மீட்டர். எடை ஏறக்குறைய 37 டன். விளிம்புவரை நிரப்பினால் பிடிக்கும் தண்ணீர் 48 டன். மொத்தம் 85 டன்.

இந்தக் குளம் மண்ணுக்குள் அடைத்துக்கொள்ளும் இடம், சுவர் தரை உள்பட, சுமார் 63 கன மீட்டர். அடைமழையில் நிலத்தடித் தண்ணீர் தரைமட்டத்தைத் தொட்டுவிட்டால் குளத்தைக் கீழேயிருந்து மேலே தள்ளும் விசை 63 டன். இது ஆர்க்கிமிடீஸ் சொன்ன பழைய கணக்கு. குளம் நிறைந்திருந்தால் 85 டன்னை 63 டன் அசைக்க முடியாது. சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை இறைத்துவிட்டால்? எடை 37 டன், தள்ளுவது 63 டன். குளம் படகாகிவிடும்.

சுற்றியுள்ள மண்ணின் பிடிமானம் கொஞ்சம் உதவும். சொதசொதவென்று ஊறிய வண்டலில் அதை நம்பி யாரும் காரியத்தில் இறங்கக் கூடாது. தண்ணீர் தரைமட்டம்வரை ஏற வேண்டும் என்றுகூட இல்லை. மேலேயிருந்து 70 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடி ஆழத்துக்கு வந்தாலே இந்தக் காலிக் குளம் எழும்பத் தயாராகிவிடும். முதலில் ஒரு மூலை தூக்கும். சுற்றியுள்ள கல் தளம் பிளக்கும், குழாய்கள் முறியும். தண்ணீர் வடிந்த பிறகும் அது பழைய இடத்தில் ஒழுங்காக உட்காராது, அடியில் சேறு புகுந்திருக்கும். தமிழ்நாட்டிலும் இது புதுமையல்ல. புதைத்துவிட்டு நிரப்பாமல் விட்ட பிளாஸ்டிக் தொட்டி ஐப்பசி மழையில் மண்ணைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்ப்பதைக் கண்டவர்கள் உண்டு. நாம் குளத்தில் தெப்பம் விடுகிறவர்கள். இங்கே குளமே தெப்பமாகிவிடும்.

அப்படியானால் தரையை இன்னும் கனமாகப் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. கனம் கூட்ட வேண்டுமானால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். ஆழம் கூடினால் தள்ளும் விசையும் கூடும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை இரண்டரை டன். அது இடம்பெயர்க்கும் தண்ணீர் ஒரு டன். நிகர லாபம் ஒன்றரை டன்தான். குறைகிற 26 டன்னைக் கான்கிரீட்டால் மட்டுமே ஈடுகட்ட இன்னும் 17 கன மீட்டர் வேண்டும். அது மொத்தக் குளத்துக்கும் ஆனதைவிட அதிகம்!

எனவே பொறியாளர்கள் வேறு வழிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். குளத்தின் தரையைச் சுவருக்கு வெளியே ஓரிரு அடி நீட்டி, அந்த விளிம்பின் மேல் மண்ணை நிரப்பி, மண்ணின் எடையையும் குளத்தோடு கட்டிப்போடுவது ஒன்று. தரைக்குக் கீழே பைல் இறக்கி, அதனுடன் கம்பியைப் பிணைப்பது இன்னொன்று. மிதப்பு விசையைவிட மொத்த எடை ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது வழக்கம். ஃபேக்டரியில் வார்த்து வரும் கண்ணாடியிழைக் குளங்கள் கட்டச் சுலபம், பார்க்கவும் அழகு. ஆனால் எடை மிகக் குறைவு என்பதால் இந்த மண்ணில் அவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பக்கத்து வீட்டு மண்

சால்ட் லேக்கில் குளம் வெட்டக் காலம் பார்க்க வேண்டும். ஜூனில் வரும் பருவமழை அக்டோபரில் விடைபெறுகிறது. துர்கா பூஜையும் காளி பூஜையும் முடிந்த பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் தோண்டிக் கான்கிரீட் போட்டுவிடுவது உத்தமம். அதற்கு முன்பே மண் பரிசோதனை. பிதான்நகர் மாநகராட்சியிடம் வரைபட அனுமதி. குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் ஒரு முறை படித்துவிட வேண்டும்.

தோண்டும்போது பெரிய அபாயம் நம் குளத்துக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு. குழியின் ஓரங்கள் சரியாமல் இருக்கச் சால் மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து நிறுத்துவது கொல்கத்தாவின் பழைய பழக்கம். குழியின் மூலையில் ஒரு சிறு பள்ளம் எடுத்து, ஊறி வரும் தண்ணீரை அதில் வடியவிட்டு, மோட்டார் வைத்து மெதுவாக இறைக்கிறார்கள். அப்போது கவனிக்க வேண்டியது வெளியே வரும் தண்ணீரின் நிறம். தெளிவாக வந்தால் சரி. கலங்கலாக வந்தால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். வருவது தண்ணீர் மட்டுமல்ல. யாருடைய அஸ்திவாரத்துக்கோ அடியில் இருந்த வண்டலும்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல என்பதற்கு இந்த நகரமே சாட்சி. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டரில் தொடங்கும் கிழக்கு-மேற்கு மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரம், 2019 ஆகஸ்ட் கடைசியில் பௌபஜாருக்கு அடியில் நீர்ப்படுகை ஒன்றில் இடித்தது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்து விழுந்தன. உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் பலர். உலகத்தரமான இயந்திரமும் நிபுணர்களும் இருந்த இடத்தில் நடந்தது இது. தோட்டத்துக் குளத்தின் அளவு மிகச் சிறியது, ஆனால் விதி ஒன்றுதான்: இந்த ஊரில் தண்ணீரை இழுத்தால் கூடவே மண்ணும் வரும்.

கட்டும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. செங்கல் பரப்பி, மெலிந்த கான்கிரீட் போட்டுத் தரையைச் சமன் செய்து, கம்பி கட்டி, தரையையும் சுவரையும் முடிந்தவரை இணைப்புகள் குறைவாக வார்க்க வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் பி.வி.சி. பட்டை வைத்தாக வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளுக்கென்று உள்ள ஐ.எஸ். 3370 இந்தியத் தரநிர்ணயம், கம்பி போட்ட கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. வீட்டுக் கூரைக்குக் கலக்கும் சாதாரணக் கலவை இங்கே போதாது. டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம் ஊறவிட்டு, அடுத்த ஒரு வாரம் தினமும் மட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒழுகலை அப்போதே கண்டுபிடித்தால் மேஸ்திரியோடு போகும். டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் வீட்டுக்காரர் தலையில் விழும்.

நிரப்புவதற்கு 48,000 லிட்டர் வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற நகரக் குடிநீர்க் கணக்கில், நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று மாதம் புழங்கும் தண்ணீர் இது. சொந்த ஆழ்குழாய் போட்டு மோட்டாரால் இறைக்க நினைத்தால் மாநிலத்தின் 2005-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். நிரப்பிய தண்ணீரை வடிகட்டிக் குளோரின் அளவு பார்த்து ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பராமரிக்காமல் விட்ட குளம் டெங்கு கொசுவின் பிரசவ விடுதி. நாலு பக்கமும் நாலடி வேலியும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் குழந்தைகள் உள்ள வீட்டில் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

மோட்டார் அறையும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு தொடங்கிய பேய்மழையில் கொல்கத்தாவில் ஒரே நாளில் 250 மில்லிமீட்டர் கொட்டியது. சால்ட் லேக்கிலும் தெருக்கள் ஓடைகளாயின. நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கித் தேங்கிய தண்ணீரில் செத்தவர்கள். பம்ப்பையும் சுவிட்ச் போர்டையும் குளத்துக்கருகில் பள்ளத்தில் ஒளித்துவைப்பது பார்க்க நன்றாக இருக்கலாம். இந்த ஊரில் அதை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

புகுர் கற்றுத்தரும் பாடம்

வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்குப் பின்னால் குளம் என்பது வங்காளத்துக்கு மேல்நாட்டு இறக்குமதியே அல்ல. இந்தத் தாழ்ந்த பூமியில் வீடு கட்டும் முன் பக்கத்தில் ஒரு குழி வெட்டுவார்கள். அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேட்டின் மேல் வீடு. குழியில் தானாகத் தண்ணீர் ஊறி 'புகுர்' ஆகிவிடும். குளிக்க, துவைக்க, மீன் வளர்க்க, வெயில் காலத்தில் காற்றைக் குளிரவைக்க, மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதுதான். கான்கிரீட் இல்லாததால் மிதக்கும் பயமும் இல்லை. தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒன்றேதான்.

கொல்கத்தாவில் தமிழர்கள் காலங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதிக்குப் பெயர் கொடுத்த ஏரியின் கதையும் இதே மாதிரிதான். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 192 ஏக்கர் சதுப்புக் காட்டை எடுத்து, ஏரி வெட்டி, அக்கம்பக்கத்து நிலத்தை மேடாக்கிக் குடியிருப்புகளுக்கு வழி செய்தது. தாகுரியா ஏரி என்று அழைக்கப்பட்ட அதற்கு 1958-ல் ரவீந்திர சரோபர் என்று பெயரிட்டார்கள். அங்கே ஏரி வெட்டி வீடு கட்டினார்கள். நாலு ஆண்டு கழித்து சால்ட் லேக்கில் ஏரியைத் தூர்த்து வீடு கட்டத் தொடங்கினார்கள்.

விளைவை நகரம் தாமதமாகத்தான் உணர்ந்தது. சால்ட் லேக்குக்கு அப்பால் எஞ்சிய பேரிகள்தான் கொல்கத்தாவின் கழிவுநீரைச் செலவில்லாமல் சுத்திகரித்து மீனாகவும் காய்கறியாகவும் திருப்பித் தருகின்றன என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர், 2018-ல் காலமான பொறியாளர் துருவஜோதி கோஷ். 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தச் சதுப்பு நிலத்துக்குப் பாதுகாப்புத் தந்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் பரப்பு சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறியது. மாநிலத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993-ல் செய்த திருத்தம், ஐந்து கட்டாவும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலையைத் தூர்ப்பதைக் குற்றமாக்கியது. இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் குளங்கள் குப்பையாலும் கட்டட இடிபாட்டாலும் நிரம்பும் செய்தி பத்திரிகைகளில் நின்றபாடில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் தோட்டத்து நீச்சல் குளம் அரைக் கட்டாகூட இல்லை. அது மழை வெள்ளத்தில் ஒரு சொட்டையும் வாங்கிக்கொள்ளாது, ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. சுற்றியுள்ள கல் தளமோ மழை இறங்கிய இடத்தையும் மூடிவிடுகிறது. ஒரு புகுரைத் தூர்த்துவிட்டுப் பத்து நீச்சல் குளம் கட்டினாலும் ஈடாகாது.

இதைப் படித்துவிட்டு வங்காளிகளைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின் தண்ணீரை வடித்துத்தான் தியாகராய நகர் பிறந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வீடு வீடாக ஏறியபோது தன் பழைய விலாசங்களைத்தான் தேடிப் போனது.

நீந்துவதற்குச் சொந்தக் குளம்தான் வேண்டும் என்பதும் இல்லை. 1959 செப்டம்பர் 29-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆரதி சாகா, கல்கத்தாவின் கங்கைப் படித்துறையில் நீந்தப் பழகியவர். கல்லூரிச் சதுக்கத்துக் குளத்திலும் ஹெதுவாவிலும் நீச்சல் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கியிருக்கின்றன. பத்துப் பதினைந்து வீடுகள் தனித்தனியே செலவழிக்கும் பணத்தில் ஒரு பிளாக்குக்கே பொதுவான, காவலாள் உள்ள ஒரு குளத்தை நடத்த முடியும்.

அப்படியும் சொந்தக் குளம்தான் என்று முடிவு செய்தவருக்கு இரண்டு யோசனைகள். குளத்துக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டம்வரை, ஓட்டை போட்ட ஒரு பி.வி.சி. குழாயைச் சரளைக் கல் சுற்றிப் புதைத்து வையுங்கள். அதில் நூல் விட்டுப் பார்த்தால் நிலத்தடித் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மழைக்காலத்தில் எக்காரணத்தைக் கொண்டும் குளத்தை முழுக்க இறைக்காதீர்கள்.

இன்னொன்று, தரையின் ஆழமான இடத்தில் பதிக்கும் கையகல வால்வு. வெளித் தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது தானாகத் திறந்து, தண்ணீரை உள்ளே விட்டுவிடும். அடியில் சரளையும் வடிகட்டித் துணியும் இல்லாவிட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஆண்டுக்கொரு முறை, கோடையில், அதைச் சோதிக்க வேண்டும். விலை அதிகமில்லை. பல லட்ச ரூபாய்க் குளத்தைத் தரையோடு இருத்திவைப்பது அந்தச் சின்ன வால்வுதான். அது திறக்கும்போது நீல நிற டைல்ஸுக்கு நடுவிலிருந்து கலங்கலாக மேலே வருவது, 1962-ல் மூடிப் புதைத்த அந்தப் பழைய ஏரியின் தண்ணீர்.